கொம்பு முன்னால் நிற்கும், ஓசை பின்னால் வரும்

புத்தகத்தை மூடிய பிறகும் நிறுத்தாமல் படிக்கிற பிள்ளைகள் எல்லா ஒன்றாம் வகுப்பிலும் உண்டு. படத்தைப் பார்த்தாலே பாட்டு மொத்தமும் வந்துவிடும். விரல் ஒரு வரியில் நிற்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். பார்வையிட வருகிறவர் முன்னால் கணீரென்று ஒப்பிப்பதும் பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான். இதை வாசிப்பு என்று நம்பிவிட்டால் மூன்றாம் வகுப்பில்தான் குட்டு வெளிப்படும். கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வரியின் கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒப்பிப்பு அங்கேயே நின்றுவிடும்.

நின்ற பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். "இதுக்கு வாசிக்கவே வரல" என்று குறித்துவிட்டு மறுபடி அ, ஆவிலிருந்து எழுத வைப்பது வழக்கம். பல நேரம் அந்தப் பிள்ளைக்கு அ, ஆ தெரியும். அடைப்பு வேறெங்கோ இருக்கும்.

247 எழுத்து என்ற கணக்கே பாதிப் பேரைப் பயமுறுத்துகிறது. வாசிப்புக்கு உண்மையில் தேவைப்படுவது 12 உயிர், க, ங, ச என்று போகும் 18 அகர உயிர்மெய்கள், புள்ளி, பதினோரு உயிர்க்குறிகள், கொஞ்சம் விதிவிலக்குகள். ங வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ங் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. ஙி, ஙூ, ஙௌ எந்தக் கதையிலும் வருவதில்லை. அட்டவணையை நிரப்ப வேண்டும் என்பதற்காக அவற்றை ஓதவைக்கும் நேரம் வீண்தான்.

உயிர் பன்னிரண்டையும் முடித்த பிறகே மெய் என்ற பழைய வரிசையில், மாதக் கணக்கில் படித்தும் பிள்ளையால் முழுதாக வாசிக்க ஒரு சொல் கிடைப்பதில்லை. ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் முதலில் கொடுத்தால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம், பப்படம் என்று ஐந்து சொல் கையில் இருக்கும். நேர்கோடுகளால் ஆன ட, ப எழுதவும் எளிது. அ, இ போலச் சுழி கிடையாது.

இங்கேதான் முதல் அடைப்பு. மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று சொல்லிக்கொடுத்திருப்போம். தனியாக உச்சரிக்க அந்த 'இ' துணை தேவை, உண்மைதான். பிள்ளை அதை அப்படியே சொல்லுக்குள் கொண்டுவந்து, பட்டம் என்பதை "ப, இட், ட, இம்" என்று கூட்டும். கூட்டிய பிறகு அது என்ன சொல் என்று கேட்டால் விழிக்கும். எத்தனை முறை சொல்லச் சொன்னாலும் அந்த நாலு ஓசையிலிருந்து பட்டம் பிறக்காது. ஆங்கில ஒலிப்பு முறையைப் பின்பற்றி ப் + அ = ப என்று உடைத்துக் காட்டுவதும் இதற்கு மருந்தல்ல; அது இலக்கணம், ஐந்து வயதுக்கு உரியதல்ல. தமிழ்ப் பிள்ளையின் காதில் விழும் துண்டு 'ப', அல்லது 'பட்'. புள்ளி வைத்த எழுத்து தனியே நிற்காது, முன்னால் இருப்பவர் தோளில் சாயும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கரும்பலகையில் ப, ட் இரண்டுக்கும் கீழே ஒரு வளைகோடு, ட, ம் இரண்டுக்கும் கீழே இன்னொன்று. ஒரு வளைவுக்கு ஒரு கைதட்டு: பட்–டம். சுமார் இருபது சொல்லுக்கு இந்தக் கோட்டைப் போட்டுக் காட்டி, பிறகு பிள்ளையே போட வேண்டும், அப்புறம் கோட்டை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது அடைப்பு கொம்பு. துணைக்கால் (ா) எழுத்துக்குப் பின்னால், 'கி'யில் வரும் மேல்விலங்கு மேலே. அதுவரை கண் இடமிருந்து வலமாகப் போனால் போதும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும், ஓசையோ பின்னால் வரும். 'கொ' இன்னும் மோசம், இரண்டு பக்கமும் ஆள் நிற்கும். கொடி என்று எழுதினால் "கெரடி" என்று படிப்பார்கள். அந்த ஒரு தவறில் இரண்டு சங்கதி இருக்கிறது. கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்கத் தெரியவில்லை. துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கௌதாரி "கெளதாரி" ஆவதும் இந்த வகைதான், கொம்புக்கால் 'ள' போலவே இருக்கிறது.

இதற்கு மூன்று அட்டை போதும். நடுவில் 'க'. இடப்பக்கம் கொம்பு வைத்தால் கெ. அதை எடுக்காமல் வலப்பக்கம் கால் வைத்தால் கொ. காலை எடுத்தால் மறுபடி கெ. பிள்ளையின் கையே வைத்து எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் வாய் மாற்றிச் சொல்ல வேண்டும். அது பிடிபட்டதும் நடு அட்டையை மட்டும் ப, ம, த என்று மாற்றலாம். ஒற்றைக்கொம்பு உறுதியாவதற்குள் இரட்டைக்கொம்பைக் கொண்டுவந்தால் இரண்டும் கெடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி நல்லது.

உகரத்தில் ஒரே குறி என்று எதுவும் இல்லை. சு, பு, வு கீழே ஒரு கோடு இறக்கும். கு, டு, மு, ரு, ழு, ளு சுழிக்கும். து, நு, லு, று, ணு, னு அடியில் மடங்கி மேலே ஏறும். அகர வரிசைப்படி கு, ஙு, சு என்று போகாமல் குடும்பம் குடும்பமாகப் போனால் சுமை பாதியாகும். ணகர னகர, லகர ளகர ழகரச் சண்டைகளை இந்தக் கட்டத்தில் பெரிதாக்க வேண்டாம். அது சொல்வதெழுதுதலில் வரும் தொல்லை, வாசிக்கும்போது கண்ணுக்கு அவை தெளிவாகவே வேறு வேறு.

எதைத் தவறு என்று எண்ணுவது என்பதிலும் கவனம் வேண்டும். "மரத்தில் குருவி இருக்கிறது" என்ற வரியை "இருக்கு" என்று முடிக்கும் பிள்ளை பொருள் புரிந்து, தன் பேச்சில் சொல்லியிருக்கிறது. குறுக்கே வெட்டாமல், வரி முடிந்ததும் அந்தச் சொல்லை மட்டும் திரும்பப் பார்க்கச் சொன்னால் போதும். "இருகிறது" என்று படிப்பதுதான் கவலைக்குரியது. அங்கே ஒற்று கண்ணில் படவில்லை.

கூட்டு வாசிப்பு வகுப்புக்கு உற்சாகம் தரும், சோதனைக்கு உதவாது. முப்பது குரலில் ஆறு குரல் படிக்கும், மற்றவை அரை நொடி பின்னால் எதிரொலிக்கும். ஆளுக்கு ஒரு நிமிடம், நாளைக்கு ஆறு பேர் என்றால் வாரத்தில் முப்பது பேரையும் தனித்தனியே கேட்டுவிடலாம். ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் அந்த நிலை தேறியது என்பது, பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சோதிக்கும் ஏசர் (ASER) ஆய்வின் அளவு; கைக்கு எளிது. சரி, தவறு என்று குறியிடுவதைவிட, பிள்ளை சொன்னதை அப்படியே எழுதி வைப்பது மேல். "கொடி – கெரடி" என்ற குறிப்பு அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். பெருக்கல் குறி எதையும் சொல்லாது.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய, அட்டைகளை ஏணிப்படிபோல் அடுக்கி அவரவர் வேகத்தில் ஏறவிடும் செயல்வழிக் கற்றலும், 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்பதையே சொல்கின்றன. கீழ்மட்டக் கரும்பலகை நல்ல ஏற்பாடு, எழுதிப் பார்க்கப் பிள்ளைக்குச் சொந்தமாக ஓர் இடம். ஆனால் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி இல்லை. பதிவு நிரப்பும் வேலை கூடினால், கேட்கும் அந்த ஒரு நிமிடம்தான் முதலில் போகும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-ல் தொடங்கிய நிபுண் பாரத் என்ற ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் என்றது. 'வந்துகொண்டிருந்தார்கள்' தமிழில் ஒரு சொல், 12 எழுத்து. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல மூன்று சொல் வேண்டும். கடிகாரத்தோடு ஓடவிட்டால் பிள்ளைகள் ஈற்றை விழுங்கப் பழகிவிடுவார்கள், தமிழிலோ யார், எப்போது என்பதெல்லாம் ஈற்றில்தான் இருக்கிறது.

பெயர்ப்பட்டியை மட்டும் முதல் நாளே மேசையில் ஒட்டிவிடலாம். ஹரிஷ், ஜோஷ்னா என்றுதான் இன்றைய வருகைப் பதிவேடு இருக்கிறது. 247-க்குள் வராத ஷ, ஜ, ஹ மூன்றும் எல்லாருக்கும் முன்பே தெரிந்துவிடும், பாடநூல் 'ட'வுக்கு வருவதற்குள்.