மேயோப் பொண்ணுங்க

ஜனவரி 19
ஐரிஷ் நாடகாசிரியர் சிஞ்சின் 'ப்ளேபாய்' நாடகத்தைத் தமிழாக்குகிறேன்; அதில் வரும் 'ஷிஃப்ட்' என்ற பெண்கள் உள்ளுடைக்கு 'உள்பாவாடை' என்று எழுதி அடித்தேன். 'சிம்மீஸ்' பொருளுக்குப் பொருத்தம்தான், ஆனால் நம் காதில் அது சின்னப்பிள்ளை உடுப்பு. 'உள்ளாடை' துணிக்கடைப் பலகை.

ஜனவரி 20
போன் வரவில்லை.

ஜனவரி 21
'ப்ளேபாய்' முதலில் ஏறிய டப்ளினின் பழைய அபே அரங்கில் மேடை முகப்பு 21 அடி, ஆழம் 16 அடிச் சொச்சம், இருக்கை 562. இடப்பக்கம் வெளியேறியவர் வலப்பக்கம் நுழைய, கட்டடத்துக்குப் பின்னால் சந்தில் ஓட வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் டப்ளினில்!
அங்கே நடித்து, நடிகர்களைப் பழக்கிய ஃபே சகோதரர்கள் வைத்த விதி ஒன்று: ஒருவர் பேசும்போது மற்றவர் கல்லாய் நிற்கணும். சின்ன மேடையில் ஒருவர் கையைச் சொறிந்தாலும் கண் அங்கே போய்விடும்; சிஞ்சின் நீள வாக்கியம் பாதியில் அறுந்துவிடும்.

ஜனவரி 23
சிஞ்சின் இன்னொரு நாடகம், 'ரைடர்ஸ் டு த ஸீ', கடலோரக் கிழவியின் கதை. தங்கை காலுறை பின்னும்போது 60 கண் போட்டு, 4 நழுவவிட்டது. செத்தது அண்ணன்தான் என்று தங்கை கண்டுகொள்வது இந்தக் கணக்கால். நடிகை மனப்பாடமாக ஒப்பித்தால் போச்சு. விரலால் நிஜமாகவே எண்ணணும். சவப்பெட்டிக்குப் பலகை இருக்கிறது, ஆணி வாங்க மறந்திருக்கிறாள் கிழவி. அழுகையைவிட அந்த ஆணி.

ஜனவரி 26
1907இல் இதே தேதி, சனிக்கிழமை, 'ப்ளேபாய்' முதல் காட்சி. ஸ்காட்லாந்தில் இருந்த கவிஞர் யேட்ஸுக்கு, அவரோடு அரங்கை நடத்திய லேடி கிரெகரி அனுப்பிய முதல் தந்தி, வெற்றி என்றது. அடுத்தது, 'ஷிஃப்ட்' என்ற சொல்லில் கூட்டம் கலைந்தது என்றது. மூன்றாம் அங்கம். சிஞ்ச் எழுதியது 'தேர்ந்தெடுத்த பெண்கள்' உள்ளுடையோடு வரிசையாக நிற்பதாக; நாயகன் கிறிஸ்டியாக நடித்த வில்லி ஃபே வாய் தவறி 'மேயோப் பொண்ணுங்க' என்றுவிட்டார். கற்பனைப் பெண்கள் சட்டென்று மேயோ என்ற நிஜமான மேற்கு மாவட்டத்து மகள்களாகிவிட்டார்கள். துணி மட்டும் காரணமில்லை என்றே எனக்குப் படுகிறது. அயர்லாந்தைக் கிழவியாக, அரசியாக மேடையேற்றிக் கைதட்டு வாங்கிய இயக்கம் இது. அந்தக் கிழவி வரும் 1902 நாடகம் 'கேத்லீன் நி ஹூலிஹான்' நினைவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது அடி.

ஜனவரி 28
அந்த வாரம் ரகளை தொடர, ஃபே அரங்கின் தரையில் கனத்த கம்பளி விரித்தார். கத்துகிறவனுக்குத் தொண்டை கட்டும், பூட்ஸுக்குக் கட்டாது. தாளம் போட்டு மிதித்தால் வசனம் மூழ்கிவிடும். அதற்குத்தான் கம்பளி. வாரம் முழுக்க நாடகம் நிற்கவில்லை.

ஜனவரி 29
6 பென்னி இருக்கை கிடையாது என்று, அபேக்குப் பணம் போட்ட ஹார்னிமன் அம்மையார் பிடிவாதம். ஆரம்பத்தில் குறைந்தது 1 ஷில்லிங், அதாவது 12 பென்னி. யாருக்கான தேசிய அரங்கோ.

ஜனவரி 31
1925இல் அபேக்கு அரசு மானியம், 850 பவுன். 1926 பிப்ரவரியில் ஓ'கேஸியின் 'த ப்ளவ் அண்ட் த ஸ்டார்ஸ்' நாடகத்துக்கு மறுபடி ரகளை. இம்முறை விடுதலைப் போராளிகளின் கொடி மதுக்கடைக்குள் வந்துவிட்டது.
போன் இன்றும் இல்லை.

பிப்ரவரி 1
உள்பாவாடை. 'மேயோ' அப்படியே இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், 'பொண்ணுங்க' முன்னால் ஒரு நொடி நின்றால்