கதைக்கவிதைத் தொகுப்பு: தேர்விலிருந்து அச்சு வரை

நாவலாசிரியர் ஒருவரின் பழைய கதைக்கவிதைகளில் தேர்ந்தவற்றையும் புதியவற்றையும் ஒரே நூலாக்கும்போது முதலில் ஒரு பட்டியல் போட்டுவிடுவோம். முதல் வரி, எழுதிய ஆண்டு, வெளியான ஆண்டு, வரிகளின் எண்ணிக்கை, எத்தனை பாடங்கள் (ஒரே கவிதையின் வேறுபட்ட வடிவங்கள்) கிடைக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதிய ஆண்டைத் தனியாகக் குறிக்கக் காரணம் உண்டு. ஆங்கில நாவலாசிரியரும் கவிஞருமான தாமஸ் ஹார்டி 1867இல் எழுதிய 'நியூட்ரல் டோன்ஸ்' என்ற கவிதை, நூலில் வந்தது 1898இல்தான். வெளியான ஆண்டை நம்பி அடுக்கினால், இளைஞர் எழுதியது ஐம்பதைத் தாண்டியவர் எழுதியதாகிவிடும்.

தேர்வுக்கு எங்களிடம் ஒரு முரட்டுச் சோதனை இருக்கிறது. வரிகளை ஒட்டி உரைநடையாக்கி வாசிப்போம். எதுவும் குறையவில்லை என்றால் அது மடித்து எழுதிய சிறுகதை; ஒதுக்கிவிடலாம். நாவல் எழுதும் கை 'மறுநாள் காலை', 'அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது' என்று இணைப்புகளைப் போட்டுக்கொண்டே போகும். கடைசிப் பத்தி பெரும்பாலும் விளக்கவுரையாக இருக்கும். அதை மூடிவிட்டு வாசித்தால் கவிதை நிற்கிறதா என்று தெரிந்துவிடும். வெட்டுவதா வேண்டாமா என்பது ஆசிரியரின் முடிவு. வெட்டினால் 'திருத்திய பாடம்' என்று குறிப்பு போட்டே ஆகவேண்டும்.

புதியவற்றை முன்னால் வைத்தால் விற்கும் என்பார்கள். ஒரே பாத்திரம் பல கவிதைகளில் வயதேறி வரும் தொகுப்பில் அவை கடைசியில் இருப்பதே சரி. முந்தைய பதிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பெரிய தலைவலி பக்க முறிவுதான். ஒரு மாதிரி:

தம்பி வந்துவிட்டான்
என்று பொய் எழுதினாள்

முதல் வரி வலப்பக்கத்தின் அடியில் நின்று, இரண்டாவது தாளைத் திருப்பினால்தான் தெரியும் என்றால், கவிஞர் கேட்ட அரை மூச்சு மலிவான திடுக்கிடலாகிவிடுகிறது. எனவே இரண்டு பக்கக் கவிதையை இடப்பக்கத்தில் தொடங்குகிறோம்; விரித்தால் முழுதும் கண்ணில் படும். நீண்டவற்றைப் பத்தி இடைவெளியில் முறிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளி பக்கத்தின் அடியில் விழுந்தால் இருப்பதே தெரியாது. அடுத்த பக்கத்தில் வருவது புதிய பத்தியா, பழையதன் தொடர்ச்சியா என்ற குழப்பம் வரும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரு வரி குறைத்தால் முறிவு பத்தியின் நடுவுக்கு நகரும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. டெமி எனும் வழக்கமான நூல் அளவில் 11 புள்ளி எழுத்திலேயே வரி மடங்கும். மடங்கிய துண்டை நன்றாக உள்ளே தள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தனி வரி என்றே வாசிக்கப்படும். எழுத்தைச் சுருக்கி அடைப்பது அசிங்கம்.

பழைய எழுத்துரு கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது 'கொ', 'கோ' உடையும்; அது கண்ணில் பட்டுவிடும். படாதது வேறு. இரட்டை என்டர்களை ஒற்றையாக்கிக் கோப்பைச் 'சுத்தம்' செய்பவர் பத்தி இடைவெளி அத்தனையையும் அழித்துவிடுவார். பட்டியலில் வரிகளை எண்ணி வைத்தது விடுபட்ட வரிகளைக் காட்டிவிடும். ஆனால் இடைவெளியைக் கண்டுபிடிக்க அது போதாது, பத்திகளையும் எண்ணவேண்டும்.

கடைசி நேரத்தில் ஒரு கவிதை சேர்ந்தால் பின்னால் வருபவை எல்லாம் நகரும். இடப்பக்கத்தில் தொடங்கியது வலப்பக்கத்துக்குப் போகக்கூடும். முதல் வரி அகராதிக்கு (கவிதைகளின் முதல் வரிகளை அகரவரிசையில் தரும் பட்டியல்) பக்க எண் போடுவதை, பக்கங்கள் உறுதியாகும் வரை நிறுத்திவைப்பது நல்லது.