இகோரோட் என்று சொன்னேன், திருத்தினார்கள்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இருந்து, மலையில் படிப்படியாக நெல் விளையும் பனாவேக்கு இரவுப் பஸ், 9 மணி நேரம். அந்த ஏசியைப் பற்றிப் படித்திருந்தும் அரைக்கைச் சட்டையோடு ஏறினேன். பக்கத்து சீட் அம்மா கம்பளி, குல்லாய், கையுறை என்று உட்கார்ந்திருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நடுராத்திரி எழுந்து போய்க் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நடத்துநர் சிரித்தார். குறைக்கவில்லை. ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

காலையில் வேறு கூத்து. பதாத் கிராமம் பனாவேயிலிருந்து 16 கிலோமீட்டர். ட்ரைசைக்கிள்காரர் (பைக்கோடு பக்கத்தில் சீட் சேர்த்த வண்டி) போக வர 1200 பெசோ என்றார். பெசோவுக்கு ஒன்றரை ரூபாய் போட்டுக்கொள்ளுங்கள். பேசிப் பேசி 1000க்கு இறக்கினேன். திரும்பி வந்ததும் காத்திருந்ததற்கு 200 என்று கையை நீட்டினார். ஆக, அதே 1200! என்னிடம் இருந்த 20 பெசோ நோட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தேன். அந்த நோட்டின் பின்பக்கம் இருப்பது பனாவே நெல்வயல் படம். வேடிக்கை என்னவென்றால், 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஐந்து இடங்களில் நோட்டில் இருக்கும் அந்தப் பனாவே வயல்கள் இல்லை, பதாத் இருக்கிறது. எனவே பதாத் வரை போங்கள். ஷேர் ஜீப் மாதிரியான ஜீப்னியில் போங்கள்.

போனால் திட்டமாட்டீர்கள். மலையைக் குடைந்து அரைவட்டமாகப் படி படியாக வயல், நடுக்குழியில் ஊர். 2000 வருஷப் பழமை என்று போர்டிலும் போட்டிருக்கிறார்கள், வழிகாட்டிப் பையனும் ஒப்பித்தான். ஆனால் ஸ்டீபன் அகாபாடோ என்ற தொல்லியலாளரின் குழு கியாங்கன் என்ற ஊர்ப் பக்கம் தோண்டிப் பார்த்து, இங்கே சேற்று நெல் பரவியது சுமார் 400 வருஷம் முன்புதான், ஸ்பானியரிடமிருந்து விலகி மலைக்கு ஏறியவர்களின் வேலை என்கிறது. எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

அந்த வழிகாட்டிப் பையனிடம்தான் வாயைக் கொடுத்தேன். "நீங்கள் இகோரோட்தானே?"

"இல்லை சார், நாங்கள் இஃபுகாவ். இகோரோட் என்றால் அந்தப் பக்கம், போன்டோக்காரர்கள்."

முகம் கொஞ்சம் மாறிவிட்டது. இகோரோட் என்றால் மலைக்காரர் என்றுதான் பொருள். இந்தக் கோர்டில்லேரா மலையின் இஃபுகாவ், போன்டோக், கன்கனாய், கலிங்கா, இபலாய், இஸ்னெக் எல்லாரையும் வெளியாட்கள் ஒரே மூட்டையில் கட்டிய பெயர். 1904இல் அமெரிக்கர்கள் தங்கள் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இவர்களில் சிலரைக் கூட்டிப்போய், வேலிக்குள் குடிசை போட்டுக் காட்சிப்பொருளாக வைத்தார்கள். கீழ்நாட்டில் இகோரோட் என்ற சொல் வசவாகவே ஆகிப்போனது.

சமாதானத்துக்காகவோ என்னவோ, பாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனான். நாலு மரத்தூண் மேல் நிற்கும் வீடு. ஒவ்வொரு தூணின் தலையிலும் அகலமான வட்ட மரக்கட்டை மாட்டியிருந்தது. எலி தூணில் ஏறி வந்து அதில் முட்டித் திரும்ப வேண்டியதுதான். வீட்டுக்குள்தானே நெல். பாட்டி மடியில் ஒரு சின்னப் பை. திறந்தால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு! அங்கே அதன் பெயர் மோமா. எனக்குச் சுண்ணாம்பு தடவத் தெரிந்ததைப் பார்த்துப் பாட்டி கெக்கெக்கே என்று சிரித்தார், பல்லெல்லாம் சிவப்பு. எங்கள் ஆத்தாவின் பல் மாதிரியே. பனாவே கடைவீதியில் 'மோமா துப்பாதீர்' என்று எழுதியிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

அடுத்து போன்டோக் ஊர். அருங்காட்சியகத்தில் பேச்சுக் கொடுத்த அக்காவிடம் பாடம் படித்த பிள்ளையாக, "நீங்கள் போன்டோக் மக்கள், இல்லையா?" என்றேன். "ஆமாம், இகோரோட்!" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "அதில் என்ன வெட்கம்?" இரண்டு மணி நேரத் தூரத்தில் அதே சொல் ஒருவருக்குக் காயம், இன்னொருவருக்குக் கிரீடம்.

சகாடாவில் பாறையில் தொங்கும் சவப்பெட்டிகளைப் பார்த்தேன். எல்லாரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள். சாப்பாட்டைச் சொல்கிறேன். பினிக்பிக்கான் என்று கோழிக் குழம்பு. கோழியை அடித்துக் கொன்று, தீயில் சிறகு பொசுக்கிச் செய்வது. அந்த முறை எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் கூடவே எதாக் போடுகிறார்கள். உப்பில் ஊறிக் காய்ந்த பன்றி இறைச்சி, நம் உப்புக்கண்டத்தின் முரட்டுத் தம்பி. வாசனைக்கு மூக்கைப் பொத்தினேன், இரண்டாம் கிண்ணத்துக்குத் தட்டை நீட்டினேன்.

கடைசியாகக் கலிங்கா மாகாணம். ஒடிசாவுக்குச் சம்பந்தமில்லை, கீழே சமவெளிக்காரர்கள் மொழியில் 'எதிரி' என்று அர்த்தமாம். சீக்கோ ஆற்றோரம் புக்னாய் ஊர் வந்தது. உலக வங்கிப் பணத்தில் வரவிருந்த அணைகளை எதிர்த்த மக்லிங் டுலாக் இந்த ஊர்க்காரர். 1980 ஏப்ரல் 24 அன்று ராணுவத்தினர் வந்து வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அணை வரவில்லை. ஆறு இன்னும் ஓடுகிறது, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகலாம். மேலே புஸ்காலானில் நூறு தாண்டிய வாங் ஓட் பாட்டி முள்ளும் கரியும் வைத்துப் பச்சை குத்துகிறார். ஏற ஆசைதான். வழிகாட்டி, தங்கல், பச்சை எல்லாம் கூட்டிப் பார்த்தேன், பர்ஸ் 'வேண்டாம்' என்றது.

திரும்பும் ஜீப்னியில் எதிரே ஒரு பாட்டியம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "பும்பாய்?" என்றார். இந்தியர் எல்லாருக்கும் அங்கே அதுதான் பெயர், பம்பாயிலிருந்து வந்தது. ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டிக்காரன் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் விடவில்லை. பம்பாய் எங்கே, எங்கள் ஊர் எங்கே, தமிழ் என்று தனி மொழி உண்டு, வட்டிக்கு விட என்னிடம் காசும் இல்லை என்று பத்து நிமிஷம் கையாட்டி விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, முன்பக்கம் திரும்பி டிரைவரிடம் சத்தமாகச் சொன்னார்:

"பும்பாய்!"