ஆழம் பார்க்கும்போதே கணக்கு வேண்டும்

நியூ ஜெர்சியில் என் தோழி ஒருவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடலாமா என்று யோசித்து வருகிறார். வரவு செலவைக் கவனிக்கும் பொறுப்பு கணக்காளரான என்னிடம் வந்திருக்கிறது. “இன்னும் வேட்பாளரே ஆகவில்லையே, அதற்குள் என்ன கணக்கு?” என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆழம் பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கருத்துக்கணிப்பு நடத்தலாம், தொகுதியைச் சுற்றி வரலாம். அந்தச் செலவு 5,000 டாலரைத் தாண்டினாலும், முடிவெடுக்கும்வரை கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் வாங்கும் பணத்துக்கு வேட்பாளருக்குள்ள அதே கட்டுப்பாடுகள்தான். 2025-26இல் ஒருவர் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரைதான் தரலாம். போட்டி உறுதியானால் பழைய வரவு செலவு முழுவதும் முதல் அறிக்கையிலேயே ஏற வேண்டும்.

நம்மவர்களிடம் சிக்கல் வருவது வேறு இடத்தில். ஒரு தேநீர்ச் சந்திப்பில் எச்1பி விசாவில் இருக்கும் தம்பி ஒருவர் 100 டாலருக்குக் காசோலை நீட்டினார். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரிடம் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. “வரி கட்டுகிறேனே அக்கா” என்றார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மனைவி பெயரில் தருகிறேன் என்றார். அடுத்தவர் பெயரில் கொடுப்பதும் குற்றம். சம்பளம் வாங்காமல் தொண்டராக உழைக்கத் தடையில்லை என்றதும் சமாதானமானார். அன்றைக்கு உணவக உரிமையாளர் ஒருவர் அன்போடு அனுப்பிய இட்லிக்கும் பணம் கொடுத்துவிட்டோம். அவருடைய கடை ஒரு நிறுவனம். நிறுவனம் இலவசமாகத் தரும் உணவும் நாங்கள் வாங்கக் கூடாத நன்கொடைதான்.

பெரிய இடத்தில் இந்தக் கண்டிப்பைக் காணோம் என்பதுதான் என் ஆத்திரம். 2015 ஜூன் 15இல்தான் ஜெப் புஷ் அதிபர் வேட்பாளராக அறிவித்துக்கொண்டார். அதற்கு முன்பே, அவரை ஆதரித்த சூப்பர் பேக்குக்காக, அதாவது வரம்பில்லாமல் நன்கொடை வாங்கக்கூடிய தனி அரசியல் குழுவுக்காக, மாதக்கணக்கில் நிதி திரட்டினார். அந்த அரையாண்டில் அது சேர்த்தது 10 கோடி டாலருக்கும் மேல். 100 டாலரைத் திருப்பிக் கொடுத்த எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

போன வாரம் தோழி தயாரித்த துண்டறிக்கையில் “உங்கள் வேட்பாளர்” என்று இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அதை நீக்கச் சொன்னேன். அப்படி அறிவித்துக்கொண்டால் ஆழம் பார்க்கும் சலுகை போய்விடும். 5,000 டாலரைத் தாண்டியிருந்தால் 15 நாட்களுக்குள் வேட்பாளராகப் பதிவு செய்தாக வேண்டும்.