மணி ஓய்ந்த இரண்டு நாள்

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிந்து எங்கள் பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பங்குச்சாமி வந்தார். "டீச்சர், பெரிய வியாழன் வானவர் கீதம் முடிஞ்சதும் கீபோர்டை மூடிருங்க. சனி ராத்திரி வானவர் கீதத்துக்குத் திறந்தாப் போதும்."

வானவர் கீதம் என்பது பூசையில் கடவுளைப் புகழ்ந்து பாடும் பாட்டு; பெரிய வியாழன், பெரிய வெள்ளிக்கு முந்தின நாள். திருச்சபைச் சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லை. அந்த இடைவெளியில் மணி அடிக்கக் கூடாது, இசைக்கருவி பாட்டுக்குத் தாங்கலாக மட்டும் ஒலிக்கலாம் என்றுதான் இருக்கிறது. அதைச் சொல்லிப் பார்த்தேன்.

"கீபோர்டுத் தம்பி தாங்கலா எங்க வாசிக்கிறான்? போன வருஷம் சிலுவை முத்தி செய்யும்போது கீபோர்டுல டிரம்ஸ் போட்டான்" என்றார்.

போட்டது உண்மை. சரி சாமி என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

முதல் ஒத்திகை. வந்தது பதினொரு பேர். அதில் எட்டுப் பேர் பெண்கள், இரண்டு சின்னப் பையன்கள், அப்புறம் கீபோர்டுத் தம்பி. அவனும் பாட வந்ததாகச் சொன்னான்.

கீபோர்டு இல்லாமல் ஒரு பாட்டை எடுத்தோம். மூன்றாவது சரணம் வருவதற்குள் ஒரு கட்டை, அதாவது சுருதியில் ஒரு படி, இறங்கிவிட்டோம். பாடும்போது யாருக்கும் தெரியவில்லை. முடித்த பிறகு தம்பியின் கைப்பேசியில் சுருதி வைத்துப் பார்த்தால் எங்கேயோ தரையில் கிடந்தோம்.

"நீதான் தினமும் வாசிக்கிறியே, இந்தப் பாட்டு என்ன கட்டை, சொல்லு" என்றேன். விழித்தான். அவன் எல்லாப் பாட்டையும் ஒரே இடத்தில், வெள்ளைக் கட்டையிலேயே வாசிப்பான். மேலே போக வேண்டுமென்றால் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தடவை தட்டுவான். பாட்டு எந்தச் சுருதி என்பது பொத்தானுக்குத்தான் தெரியும்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. பத்து வருடமாக எனக்கும் சுருதி கொடுத்தது அந்தப் பொத்தான்தானே.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பவனி எப்போதும் போல. முன்னால் பீடச் சிறுவர்கள் பக்கம் ஒரு சரணம், நடுவில் நாங்கள் ஒரு சரணம், வால் பகுதியில் பெண்கள் போன சரணம். நானூறு பேரை ஒரு தெருவில் நடக்கவிட்டு ஒரே நேரத்தில் "ஓசன்னா" சொல்ல வைக்க எவராலும் ஆகாது. ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ முன்னால் போகப் போக, சத்தம் பின்னால் வந்து சேர நேரம் எடுக்கிறது. பின்னால் நடப்பவர்கள் கேட்டதைப் பாடுகிறார்கள். அவர்கள் கணக்கில் அவர்கள் சரிதான்.

இரவு படித்த ஒரு விஷயம். 1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாளன்று, பத்தாம் பத்திநாதர் திருச்சபை இசையைப் பற்றி ஓர் ஆணை எழுதினார். பியானோ, டிரம் எதுவும் கோவிலுக்குள் கூடாது என்று அதில் இருக்கிறது. அடடா, பங்குச்சாமிக்கு அனுப்பலாமே என்று கைப்பேசியை எடுத்தேன். அதே ஆணையில் பாடகர் குழுவில் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்றும் இருந்தது. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வீட்டில் கையிருப்பு இருப்பவர்களுக்கு ஓய்வு, இல்லாதவர்களுக்குக் கவலை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு நாட்குறிப்பு ஆகிவிடும். எங்கள் குழுவுக்கு மட்டும் இது அறுவடை. தூத்துக்குடியில் விசைப்படகுக்காரர்கள் விடிகாலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குக் கரையேறுகிறவர்கள். மற்ற நாளில் ஒத்திகைக்கு எங்கே வர?

இன்று ஆறு பேர் வந்தார்கள். டீசலும் உப்பும் கலந்த வாடையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அதில் ஓர் அண்ணன், வயது அறுபதைத் தாண்டியிருக்கும், புத்தகமே எடுக்கவில்லை. "பாட்டை விடும்மா, முதல்ல சுருதியைப் பிடி" என்று சொல்லிவிட்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்றார். அடித்தொண்டையில் மோட்டார் ஓடுவது போல ஒரு சத்தம். நெஞ்சில் கை வைத்தால் அதிரும். தம்பி கைப்பேசியில் பார்த்தான். சரியாக ஒரு கட்டை, கீபோர்டில் C என்கிற சுருதி.

"எப்படிண்ணே?"

"எங்க என்ஜின் சும்மா ஓடுறப்போ இந்தச் சத்தம்தான். நாப்பது வருஷமாக் கேக்கேன்."

அவர் "ம்ம்ம்" என்று பிடித்துக்கொண்டேயிருக்க, நாங்கள் மேலே பாடினோம். நாலு சரணம். இறங்கவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

வானவர் கீதத்துக்குப் பெரிய மணி, பீட மணி, கைமணி எல்லாம் சேர்ந்து அடித்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த பாட்டு, காது அடைத்துவிட்டது. முடிந்ததும் தம்பி சுவிட்சை அணைத்து, கீபோர்டுக்கு மேல் துணியைப் போட்டான். குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி ஓரத்தை இழுத்துவிட்டான்.

அதன் பிறகு மணிக்குப் பதில் மரக்கட்டைதான். கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் அதைப் பரணிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். சாமி அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது "டக் டக் டக்". அருகில் இருந்த ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும்போது பாடிய பாட்டு சுமார். நற்கருணைப் பவனிக்கு "பாடுவாய் என் நாவே". தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதியது. பவனி பக்கப் பீடத்துக்குப் போய்ச் சேரும்வரை திரும்பத் திரும்பப் பாட வேண்டும். அண்ணன் "ம்ம்ம்" என்று நூல் பிடித்தார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. கீபோர்டு இருக்கும்போது இவர்கள் பாடுவதே எங்களுக்குக் கேட்காது. இன்று முதல் தடவையாக, இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பாட்டி எங்களைவிட அழகாக இழுப்பது கேட்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

வருகைப் பாட்டு கிடையாது. குரு வந்து முகங்குப்புற விழுந்து கிடப்பார், கோவிலே மூச்சடக்கி நிற்கும். யோவான் நற்செய்தியிலிருந்து இயேசுவின் பாடுகளை மூன்று பேர் பாட, மக்கள் கூட்டத்தின் குரலாக நாங்கள். "ஒழிக! ஒழிக!" என்று கத்தும் இடத்தில் கடைசி வரிசை அண்ணன்மார் ஏலக்கூடத்தில் கத்துவது போலக் கத்த, முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

வினை வந்தது அதற்கப்புறம். சிலுவையின் திரையை மூன்று கட்டமாக விலக்கும்போது "திருச்சிலுவை மரம் இதோ" என்று குரு மூன்று தடவை பாட வேண்டும், ஒவ்வொரு தடவையும் சுருதியை ஏற்றி. ஒரு கட்டையில் தொடங்கி இரண்டு, மூன்று என்று முடிப்பதாக ஒத்திகை. சாமி எடுத்த எடுப்பில் மூன்று கட்டையில் தொடங்கிவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டாவது தடவை நாலரை. கழுத்து நரம்பு தெரிந்தது. மூன்றாவது ஐந்தரைக்குப் போக வேண்டும். நடுவில் குரல் உடைந்து பாதியில் நின்றார்.

ஒரு கணம் கோவிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

பின்னாலிருந்து "வருவீர், ஆராதிப்போம்" என்று அண்ணன் கீழ் ஸ்தாயியில் எடுத்தார். கோவில் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. வெளியே போகும்போது ஒரு பெண் என்னிடம், "சாமி அழுதுட்டார் பாத்தீங்களா டீச்சர்" என்று கண்ணைத் துடைத்தாள். நான் திருத்தவில்லை.

இரவு கோவில் முற்றத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம். கோவாவிலிருந்து இலங்கைக்குப் போய் உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியது. எங்கள் குழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயதான பெண்களின் சொத்து இது. வாசிப்பா, பாட்டா, ஒப்பாரியா என்று பிரிக்க முடியாது. நேற்று மூன்றாவது பெஞ்சில் கேட்ட பாட்டிதான் முன்னால் உட்கார்ந்து இழுத்தார். மாதாவின் புலம்பல் வந்த இடத்தில் ஒரு சொல்லில் நின்று, வளைத்து, மூச்சு தீர்ந்த பிறகும் விடவில்லை. யார் சுருதி கொடுத்தார்கள் அவருக்கு? முடிந்ததும் போய் "குழுவுக்கு வாங்க பாட்டி" என்றேன். "எனக்கு எழுத்து தெரியாதே தாயி" என்றார். அத்தனையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

ஏப்ரல் 20, விடிகாலை 3 மணி

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நேற்றிரவு பதினொரு மணிக்கு உயிர்ப்பு விழாப் பூசை இருட்டில் தொடங்கியது. பெரிய மெழுகுதிரியின் முன் பாடும் பாஸ்கா புகழுரையைச் சாமியே பாடினார், இந்தத் தடவை அண்ணனிடம் "ம்ம்ம்" கேட்டு வாங்கிக்கொண்டு. மெழுகைத் தந்த தேனீக்களுக்கும் அதில் ஒரு வரி உண்டு. எனக்கு எப்போதும் பிடித்த வரி.

பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்து வானவர் கீதம். விளக்கு எல்லாம் எரிந்தது, மணிகள் வெடித்தன, வெளியே யாரோ சரவெடி வேறு. அந்த இரைச்சலில் தம்பியின் முன்னிசை யாருக்கும் கேட்கவில்லை. அண்ணன் சுருதி பிடித்தார், நாங்கள் இரண்டு கட்டையில் எடுத்துவிட்டோம். மணி ஓய்ந்தபோதுதான் தெரிந்தது, கீபோர்டு ஒரு கட்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் அணைத்துக் கிடந்ததில் பொத்தான் கணக்கு பூச்சியத்துக்குப் போயிருக்கிறது.

மற்ற வருடமென்றால் நாங்கள் அதன் பின்னால் சரிந்திருப்போம். இன்று ஒருவரும் அசையவில்லை. தம்பி வியர்த்துப் போய்க் கையை எடுத்தான், பொத்தானை இரண்டு தடவை தட்டினான், அடுத்த வரியில் எங்களோடு வந்து சேர்ந்தான்.

சுக்குக் காப்பி குடிக்கும்போது அவன் வந்து சொன்னான்: "அக்கா, நான் தப்பா வாசிச்சும் நீங்க ஏன் மாறல?"

"கேக்கவே இல்லல" என்றார் அண்ணன்.

ஏப்ரல் 21, திங்கள்

மதியம் ஒன்றரை வாக்கில் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி. திருத்தந்தை பிரான்சிஸ் இறந்துவிட்டார். நேற்றுத்தான் பேராலய மேல்மாடத்தில் உட்கார்ந்து ஆசீர் கொடுத்ததை டிவியில் பார்த்தோம். 88 வயது.

சனி இரவு கிழிகிழியென்று அடித்த அதே மணியை உபதேசியார் இன்று விட்டு விட்டு ஒவ்வொன்றாக அடித்தார். சாயந்தரம் ஜெபமாலைக்கு நல்ல கூட்டம். குழுவில் எல்லோரும் வந்திருந்தார்கள், மூன்றாவது பெஞ்சுப் பாட்டி உட்பட. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்தார்.

தம்பி கீபோர்டின் துணியை எடுத்தான். தானாக ஓடும் தாளம், ஸ்டைல் எதுவும் போடவில்லை. என்னைப் பார்த்தான், பின்வரிசையைப் பார்த்தான், இடது கையால் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.