திருவாழ்மார்பனிடம் சொல்லி வந்தேன்

மூட்டுவலி முற்றி, வாசற்படி இறங்கவும் இயலாமல் போய்விட்ட என் அம்மாவுக்கு ஒரு நேர்ச்சை பாக்கியிருந்தது. தம் தாய்வீட்டார் வழிவழியாகச் சேவித்து வந்த திருப்பதிசாரம் திருவாழ்மார்பன் பெருமாளுக்குத் துளசிமாலையும் நெய்விளக்கும் சமர்ப்பிக்க வேண்டும் என்பதே அது. அவருக்காக நான் புரட்டாசிச் சனிக்கிழமையன்று புறப்பட்டேன்.

நாகர்கோவிலைத் தாண்டியதுமே வயல்கள் தொடங்கிவிடுகின்றன. கன்னிப்பூ போக அறுவடை முடிந்த வயல்களில் அடுத்த போகமான கும்பப்பூ சாகுபடிக்குத் தொளியடித்து, சேறாக உழுதுகொண்டிருந்தார்கள். நெல்தான் இவ்வூரின் உயிர். இங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல் ரகங்கள் ஊர்ப் பெயரின் சுருக்கமாகிய டி.பி.எஸ். என்றே வழங்குகின்றன.

வைணவர்களுக்கோ இது நம்மாழ்வாரைப் பெற்ற உடையநங்கையாரின் பிறந்தகம். ஆழ்வார்கள் பாடிய சேரநாட்டுத் தலங்களாகிய மலைநாட்டுத் திருப்பதிகள் 13-இல் திருவட்டாறும் இதுவுமே குமரி மாவட்டத்தில் உள்ளவை. குருகூர்க் காரியாருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அந்தப் பெண்ணின் பிள்ளை, தாய்வழிப் பாட்டனார் ஊர்ப் பெருமாளைத் திருவாய்மொழியில் ஒரே பாசுரத்தில்தான் பாடினார். அதையும் உரிமையோடு குறைப்பட்டுக்கொண்டே பாடினார். 'வருவார் செல்வார்' பலர் இருந்தும், இப்படி ஓர் அடியான் இங்கே இருக்கிறான் என்று வண்பரிசாரம் என்று அவர் பாடிய இவ்வூர் எம்பெருமானிடம் எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லையே என்பது அவருடைய ஏக்கம்.

அன்று கூட்டம் நெருக்கித் தள்ளியது. பணம் கொடுத்தால் முன்னால் விடுவதாக ஒருவர் அருகில் வந்து முணுமுணுத்தது மனத்தைப் புண்படுத்தியது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தவர்கள் முதியவர்களுக்கு வழிவிடவில்லை. சந்நிதி முன் நிற்கக் கிடைத்தவை சில நொடிகளே. மூலிகைகளும் பிசின்களும் சேர்ந்த கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையாலான அந்தத் திருமேனி, திருமகளை மார்பில் தாங்கி அமர்ந்த கோலத்தில் விளக்கொளியில் தெரிந்தபோது, எனக்கென்று எண்ணி வந்த வேண்டுதல்கள் எல்லாம் மறந்துபோயின. "பெருமாளே, படியிறங்க முடியாமல் ஒருத்தி உன்னையே நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள்" என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். அது பூசை செய்யும் போற்றியின் காதில் விழுந்திருக்க வேண்டும். தீர்த்தம் கொடுத்துவிட்டு, மேலும் ஒரு பிடி துளசியை என் கையில் வைத்து, "இது அம்மைக்கு" என்றார்.

அதன்பின் பிராகாரத்தை எப்படி வலம்வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. கண்ணீர் நிற்கவே இல்லை. ஆழ்வார் ஏங்கிய அந்தப் பணியை என் தாய்க்குச் செய்ய, வருவார் செல்வாரில் என்னையும் ஒருத்தியாக்கினாயே, திருவாழ்மார்பா! அடுத்த புரட்டாசிக்கு அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டாவது வருவோம். அதற்கும் நீயே வழிசெய்ய வேண்டும்.