1929-லிருந்து 1933-க்கு ஒரே தாவாகத் தாவாதீர்கள்

யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) ஜிஎஸ் எனும் பொதுப் பாடத்தின் முதல் தாளுக்கு உலக வரலாறு படிக்கிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி, இரண்டு உலகப் போர்கள் என்று ஊன்றிப் படித்துவிட்டு, இரண்டு போர்களுக்கும் நடுவில் கிடக்கும் இருபது ஆண்டுகளை ஒரு பக்கக் குறிப்போடு கடந்துவிடுகிறார்கள். 2013-ல், 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவான பெருமந்தத்தைக் கட்டுப்படுத்த என்னென்ன கொள்கைக் கருவிகள் கையாளப்பட்டன என்று கேட்டார்கள். 2021-ல் இரு உலகப் போர்களுக்கு இடையே ஜனநாயக அரசு முறைக்குக் கடும் சவால் எழுந்தது, மதிப்பிடுக என்று கேட்டார்கள். ஒன்று பொருளாதாரம், இன்னொன்று அரசியல் மாதிரித் தெரியும். ஒழுங்காகப் படித்தால் ஒரே படிப்பில் இரண்டுக்கும் விடை எழுதலாம். நான் தமிழ் மீடியத்தில், வரலாற்றை ஆப்ஷனலாக (விருப்பப் பாடமாக) எடுத்துத் தயாரானவன். இந்தப் பகுதியை நான் படித்த விதத்தையும், அப்புறம் மற்றவர்களின் பயிற்சி விடைகளைத் திருத்திக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பத்தில் எட்டு விடைகள் இப்படித்தான் போகும்: முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மீது சுமத்திய வெர்சாய் உடன்படிக்கை, போர் இழப்பீடு, ஒரு ரொட்டி வாங்க வண்டி நிறையப் பணம், வேலையின்மை, ஹிட்லர். படிக்கச் சரியாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் இதில் இரண்டு வெவ்வேறு நெருக்கடிகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. வண்டி நிறையப் பணம் 1923-ன் கதை. அந்த ஆண்டு ஜனவரியில் இழப்பீடு சரியாக வரவில்லை என்று பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதியைப் பிடித்துக்கொண்டன. அதை எதிர்த்து வேலைக்குப் போக மறுத்த தொழிலாளர்களுக்கு ஜெர்மன் அரசு நோட்டு அச்சடித்துக் கூலி கொடுத்தது. போருக்கு முன் 4.2 மார்க் கொடுத்தால் கிடைத்த ஒரு டாலருக்கு நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. அதே நவம்பரில்தான் மியூனிக்கில் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார், தோற்றார், சிறைக்குப் போனார். அதே மாதம் ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது, விலைவாசி அடங்கியது. 1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு, 12 இடம். கடும் பணவீக்கம் நேராக ஹிட்லரைக் கொண்டுவந்தது என்றால் இந்த 2.6 சதவீதத்துக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

1930-க்குப் பிறகு நடந்தது இதற்கு நேர் எதிர். விலை ஏறவில்லை, விழுந்தது. நோட்டு பெருகவில்லை, சுருங்கியது. ஆலைகள் மூடின, 1932 தொடக்கத்தில் பதிவு செய்த வேலையற்றோர் மட்டும் 60 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆக, 1923-ஐயும் 1930-ஐயும் தனித்தனியாகப் படிக்க வேண்டும், பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். இணைக்கும் கண்ணி என்னவென்றால், 1923-ல் சேமிப்பெல்லாம் கரைந்து போன நடுத்தர வர்க்கத்தின் அச்சம். நாடே வேலையின்றி நின்றபோதும் அரசு கூடுதலாகச் செலவு செய்யத் தயங்கியதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். இந்த ஒரு வாக்கியம் உங்கள் விடையில் இருந்தால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? என் பரிந்துரை, முதலில் ஒரு முக்கோணம் வரையுங்கள். அமெரிக்க வங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுக்கின்றன. ஜெர்மனி பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இழப்பீடு கட்டுகிறது (1921-ல் லண்டனில் தீர்மானித்த மொத்தத் தொகை 13,200 கோடி தங்க மார்க், அதில் பெரும்பகுதி ஏட்டளவில்தான் இருந்தது). பிரிட்டனும் பிரான்சும் போர்க்காலத்தில் வாங்கிய கடனை அமெரிக்காவுக்குத் திருப்பிக் கட்டுகின்றன. இழப்பீட்டுத் தவணைகளை எளிதாக்கி அமெரிக்கக் கடனுக்கு வழி திறந்த 1924-ன் டாஸ் திட்டத்துக்குப் பிறகு ஜெர்மனி நன்றாக இருந்த ஐந்தாண்டுகளும் இந்த முக்கோணத்தின் தயவில்தான். வந்த கடனில் பெரும்பகுதி குறுகிய காலக் கடன், எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கக்கூடியது. அமெரிக்கப் பணம் நின்றால் மூன்று பக்கமும் நின்றுவிடும். தேர்வுத்தாளில் இதை ஓரமாகச் சின்னதாக வரைந்தாலே அரைப் பக்க விளக்கம் மிச்சம்.

அப்புறம் 1929 அக்டோபர். வால் ஸ்ட்ரீட் சரிவு பற்றி எல்லோரும் நிறைய எழுதுகிறார்கள், அதனால் நான் குறைவாகவே சொல்கிறேன்: அமெரிக்கப் பங்கு விலைகளைக் காட்டும் டவ் குறியீடு 1929 செப்டம்பரில் 381, 1932 ஜூலையில் 41. போதும். பங்குச் சந்தையில் விடையைத் தொடங்கலாம், அங்கேயே தங்கிவிடக் கூடாது. என்னைக் கேட்டால் 1929-ஐவிட 1931-தான் முக்கியமான ஆண்டு. மே மாதம் வியன்னாவில் ஆஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்அன்ஸ்டால்ட் தடுமாறியது, ஜூலையில் ஜெர்மனியில் டனாட் வங்கி கதவை மூடியது, நெருக்கடி அங்கிருந்து லண்டனுக்குத் தாவி, செப்டம்பர் 21-ல் பிரிட்டன், நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்க நாணய முறையைக் கைவிட்டது. அதற்கு மூன்று நாள் முன்புதான் ஜப்பானியப் படை சீனாவின் மஞ்சூரியாவில் உள்ள முக்டனில் ரயில் தண்டவாளத்தில் தானே குண்டு வைத்துவிட்டு, அதைச் சாக்காக வைத்து அந்தப் பகுதி முழுவதையும் பிடிக்கக் கிளம்பியது. ஒரு சாதாரண மந்தம் உலகப் பெருமந்தமாக மாறியது வங்கிகள் சரிந்த இந்தக் கோடையில்தான். பாடக்குறிப்புகள் பலவற்றில் இந்த ஆண்டே இல்லை.

இப்போது நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வது: 1930 மார்ச் முதல் 1933 ஜனவரி வரை ஜெர்மனியை மாதவாரியாகப் படியுங்கள். ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் மாதங்கள், மேலே நாடுகள் என்று கட்டம் போட்டு நிரப்புங்கள். நிரப்பும்போது ஒன்று புலப்படும்: மந்தத்துக்கும் ஹிட்லருக்கும் நடுவில் மனிதர்கள் எடுத்த முடிவுகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றில் எந்த இடத்திலும் வேறு பாதை திறந்தே இருந்தது.

உதாரணத்துக்கு 1930 மார்ச். சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மன் முல்லர் தலைமையில் கூட்டணி ஆட்சி. வேலையற்றோர் பெருகியதால் வேலையின்மைக் காப்பீட்டு நிதி வற்றிப்போகிறது. ஊதியத்தில் 3.5 சதவீதமாக இருந்த பங்களிப்பை 4 சதவீதமாக ஏற்றலாமா என்பதுதான் சண்டை. தொழிலதிபர்கள் பக்கம் நின்ற மக்கள் கட்சி ஒப்பவில்லை, சமரச யோசனையைத் தொழிற்சங்கங்களின் பேச்சைக் கேட்டு சமூக ஜனநாயகக் கட்சி ஒப்பவில்லை. அரை சதவீதத் தகராறில் அரசு கவிழ்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமைந்த வைமார் குடியரசை நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட கடைசி அரசு அது. அடுத்து சான்சலராக (பிரதமராக) வந்த புரூனிங், பட்ஜெட்டை நாடாளுமன்றம் நிராகரித்ததும், குடியரசுத் தலைவருக்கு அவசர அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 48-வது பிரிவைப் பயன்படுத்தி அவசர ஆணையாகக் கொண்டுவந்தார். அந்த ஆணையையும் உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். உடனே குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் நாடாளுமன்றத்தையே கலைத்தார். மந்தம் ஆழமாகிக்கொண்டிருந்த நேரத்தில், 1930 செப்டம்பரில், தேவையே இல்லாமல் வந்த தேர்தல் அது. நாஜிகள் 12-லிருந்து 107 இடங்களுக்குப் போனார்கள்.

அதற்குப் பின் ஆட்சி ஆணைகளால் நடந்தது. சம்பளம் வெட்டு, உதவித்தொகை வெட்டு, வரி உயர்வு. 1932-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5 மட்டுமே, அவசர ஆணைகள் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், 2021 கேள்விக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஹிட்லர் வருவதற்கு முன்பே ஜெர்மனியில் நாடாளுமன்ற ஜனநாயகம் பெயரளவுக்குத்தான் மிச்சமிருந்தது.

இன்னொரு தவறு அடிக்கடி வரும்: "மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்து ஹிட்லரைத் தேர்ந்தெடுத்தார்கள்." 1932 ஜூலையில் நாஜிகளுக்கு 37.3 சதவீதம், 230 இடம். நவம்பரில் அது 33.1 சதவீதமாகி 196 இடங்களுக்கு இறங்கியது. இறங்கிக்கொண்டிருந்த கட்சியின் தலைவரை அழைத்து, தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று முன்னாள் சான்சலர் பாப்பன் போன்றவர்கள் கணக்குப் போட்டு, 1933 ஜனவரி 30 அன்று ஹிண்டன்பர்க் கையால் சான்சலர் பதவி கொடுக்க வைத்தார்கள். அந்த அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். பிப்ரவரி 27-ல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, மறுநாளே அடிப்படை உரிமைகள் போயின, மார்ச் 23-ல், நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போட அரசுக்கு அனுமதி தந்த அதிகாரமளிப்புச் சட்டம். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் உள்ளே வர முடியாத அந்த அவையில் எதிர்த்து விழுந்த 94 வாக்குகளும் சமூக ஜனநாயகக் கட்சியினருடையவை. நாஜிச் சீருடைக் கூட்டம் சுற்றி நிற்க, அவர்கள் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். தேர்வுக்குத் தேவை ஒரு வரிதான், இருந்தாலும் நிதானமாகப் படியுங்கள்.

ஜெர்மனியை மட்டும் எழுதினால் "மதிப்பிடுக" என்ற கேள்விக்குப் பாதி விடைதான். ஒப்பீடு வேண்டும். வேலையற்றோர் உதவித்தொகை பிரச்சினை பெர்லினில் அரசைக் கவிழ்த்தது போலவே 1931 ஆகஸ்டில் லண்டனிலும் கவிழ்த்தது. உதவித்தொகையைப் பத்து சதவீதம் வெட்டலாமா என்ற கேள்வியில் பிரதமர் மெக்டொனால்டின் தொழிற்கட்சி அமைச்சரவை உடைந்தது. ஆனால் அங்கே பல கட்சிகள் சேர்ந்த தேசிய அரசு அமைந்தது, தேர்தல் நடந்தது, தங்கத்தைக் கைவிட்டதால் வட்டி குறைந்து பொருளாதாரம் மூச்சுவிட்டது. மோஸ்லி தொடங்கிய பாசிஸ்ட் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. சுவீடனில் 1933-ல் சமூக ஜனநாயகக் கட்சியும் விவசாயிகள் கட்சியும் உட்கார்ந்து பேசி, விளைபொருள் விலைப் பாதுகாப்புக்கு ஈடாக வேலைத் திட்டங்கள் என்று ஒப்பந்தம் போட்டன. ஜெர்மனியில் அரை சதவீதத்துக்கு உடைந்ததையும் இங்கே ஒட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் வாதம் தானே நிற்கும். அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை, ஆனாலும் அதிபர் ரூஸ்வெல்ட் அரசியலமைப்புக்குள்ளேயே நின்றார். 1935-ல் உச்ச நீதிமன்றம் அவருடைய தொழில் மீட்புச் சட்டத்தையே செல்லாது என்றது, அவர் ஏற்றுக்கொண்டார்.

மறுபக்கம், எல்லாப் பழியையும் மந்தத்தின் மேல் போடவும் முடியாது. இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்தது 1922-ல், மந்தத்துக்கு ஏழு ஆண்டு முன்பு. தேதியைப் பார்த்தாலே இந்த வாதம் கிடைத்துவிடும், ஆனால் எழுதுகிறவர்கள் குறைவு. ஐரோப்பாவுக்கு வெளியே 1930 செப்டம்பரில் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ஜப்பானில் பட்டு விலை சரிந்து கிராமங்கள் தவித்த காலத்தில் 1932 மே 15 அன்று பிரதமர் இனுகாய் இளம் கடற்படை அதிகாரிகளால் கொல்லப்பட்டார். இவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும்.

2013 மாதிரி கேள்விக்கு இதே கட்டத்தாளை வேறு கோணத்தில் படியுங்கள்: தங்கத்தைக் கைவிட்டது, வங்கி வைப்புத்தொகைக்குக் காப்பீடு தந்தது, பொதுப்பணிகள், 1935-ன் அமெரிக்க சமூகப் பாதுகாப்புச் சட்டம், ஜப்பானில் நிதியமைச்சர் தகஹாஷி கூட்டிய அரசுச் செலவு, ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி. தீங்கு செய்த கருவிகளையும் சேர்த்தால் நல்லது. 1930-ல் அமெரிக்கா போட்ட ஸ்மூட்–ஹாலி இறக்குமதி வரியும், பதிலுக்கு மற்ற நாடுகள் எழுப்பிய வரிச் சுவர்களும் உலக வணிகத்தை இன்னும் சுருக்கின.

இந்தியாவைக் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேள்வி இடம் கொடுத்தால் தாராளமாக. விளைபொருள் விலை பாதியாக விழுந்தும் நிலவரி குறையவில்லை, விவசாயிகள் வீட்டுத் தங்கத்தை விற்றார்கள், 1931-க்குப் பிறகு அது கப்பல் கப்பலாக வெளியேறியது. பர்மாவில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனதால், 1930-களின் முடிவுக்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த தமிழ்நாட்டுச் செட்டியார்கள் கைக்கு வந்தது. அவர்கள் கேட்டது வட்டியைத்தான், வந்து சேர்ந்ததோ விற்க முடியாத நிலமும் உள்ளூர் மக்களின் பகையும். அவரவர் குடும்பங்களில் இந்தக் கதை இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்; மந்தம் என்பது நியூயார்க்கில் மட்டும் நடந்ததல்ல என்பது அப்போது நன்றாகப் பதியும்.

அடிப்படைக்குச் சமச்சீர் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடமே போதுமான தொடக்கம். அதை வாசித்துவிட்டு கட்டத்தாளை நிரப்பத் தொடங்குங்கள், இடைவெளி தெரிகிற இடத்துக்கு மட்டும் பெரிய புத்தகத்தைத் திறங்கள். மூன்று மணி நேரத்தில் இருபது கேள்வி, 15 மதிப்பெண் கேள்விக்கு 250 சொல். வெர்சாய்க்கு மூன்று வரிக்கு மேல் தராதீர்கள், முக்கோணத்துக்கு ஒரு சின்னப் படம், 1930–33-க்கு விடையின் பாதி, மிச்சத்தில் லண்டனும் சுவீடனும் அமெரிக்காவும். ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு இடம் இருக்காது, பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.